தூது போன ஓணான்

அந்தக் காலத்தில், வாயுள்ளதெல்லாம் பேசித் திரிந்தபோது, ஓணானும் பச்சோந்தியும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். ஒரு கோடையில் காட்டிலிருந்த குட்டைகளெல்லாம் வற்றிப்போய், பாறை உச்சியிலிருந்த சுனை மட்டும் மிஞ்சியது. அதைக் குரங்குகள் வளைத்துக்கொண்டன. கீழே முயல்கள் நாக்கு வறண்டு கிடந்தன. குரங்குகளிடம் பேசிவரப் பச்சோந்தியைத் தூதனாக வைத்துக்கொண்டன.

ஓணானுக்கு அன்றே பங்காளிக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஓரடி எடுத்துவைக்க ஒரு யுகம் யோசிக்கிறவனுக்கு இத்தனை மரியாதையா! அவன் வந்தால் முயல்கள் எழுந்து வழிவிடுகின்றன. தன்னைக் கண்டால் ஒரு காதுகூட அசைவதில்லை. வயிறு பற்றி எரிந்தது.

"அண்ணே, தூதுன்னா அப்படி என்ன பெரிய வேலை?" என்று கேட்டான்.

"இங்க சொன்னதை அங்க சொல்லணும், அங்க சொன்னதை இங்க சொல்லணும். நம்ம சம்மதத்தைக் கேட்டாங்கன்னா, 'கேட்டுட்டு வந்து சொல்றேன்'னு திரும்பிடணும், தம்பி. நாம ஒத்துக்கிட்டா நம்மை அனுப்பினவங்க அத்தனை பேரும் ஒத்துக்கிட்ட மாதிரி."

இவ்வளவுதானா என்று ஓணான் உள்ளுக்குள் சிரித்தான். மறுநாள் பச்சோந்தி பாதி வழி தாண்டுவதற்குள் விறுவிறுவென்று பாறையேறி, "முயலுங்களோட தூதன் நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

குரங்குத் தலைவி நாவல் பழம் கொடுத்து உட்காரவைத்தாள். அவனை இப்படி யாரும் உபசரித்ததே இல்லை.

"தூதரே, சுனை எங்களுக்கு மட்டும்தான் சொந்தம். சரிதானே?"

கேட்டுவிட்டு வருகிறேன் என்றால் தன்னைச் சின்ன ஆள் என்று நினைத்துவிடுவாளே! ஓணான் தலையாட்டினான்.

"இனி முயலுங்க இந்தப் பக்கமே வரக் கூடாது. சம்மதமா?"

அதற்கும் ஆட்டினான்.

கீழே இறங்கி, "குரங்குங்ககிட்ட நானே பேசிட்டு வந்துட்டேன்" என்றதும் முயல்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. "தண்ணி உண்டா?"

எல்லாக் கண்களும் தன்மேல் இருந்த சந்தோஷத்தில் அதற்கும் தலையாட்டிவைத்தான்.

முயல்கள் குட்டிகளோடு பாறையேறின. மேலிருந்து கல் மழை பொழிந்தது. இரண்டு குட்டிகள் தாகத்தில் வழியிலேயே சுருண்டு விழுந்தன. அப்போதுதான் வந்துசேர்ந்த பச்சோந்தியிடம், "உங்க தூதர் ஒத்துக்கிட்டாரே, இனிப் பேச என்ன இருக்கு?" என்றாள் தலைவி.

குட்டிகளைப் பறிகொடுத்த தாய் முயல் ஓணானைத் தேடி வந்தது. "எங்களைக் கேட்காம நீயா ஒத்துக்கிட்ட?"

இல்லை என்று சொல்லத்தான் ஓணான் பார்த்தான். தலை மேலும் கீழுமாகத்தான் ஆடியது.

முயல்கள் அவனைக் காட்டோர வேலிக்கு விரட்டின. மறுபடியும் தூது போகச் சொல்லிப் பச்சோந்தியின் காலில் விழுந்தன. அவன் ஓரடி வைத்து, யோசித்து, மறு அடி வைத்துப் பாறையேறுவதை வேலியிலிருந்து பார்த்தான் ஓணான். அந்த நிலையிலும் பொறாமைதான் வந்தது. அது கழுத்துவரை ஏறிச் சிவந்தது.

அன்று முதல்தான் ஓணான் கழுத்துச் சிவக்க வேலியில் உட்கார்ந்து, யாரும் ஒன்றும் கேட்காமலே தலையாட்டிக்கொண்டிருக்கிறது.