எறும்பு எதிர் எறும்பை நிறுத்துவது ஏன்

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கும் வாய்ப்பேச்சு உண்டு. முகத்தோடு முகம் வைக்கிற வழக்கம்தான் கிடையாது. வரிசையில் போகிறவரை நிறுத்துவது பெரிய மரியாதைக்கேடு. சேதி இருந்தால் எதிரே வருகிறவரிடம் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு புளியமரத்தடிப் புற்றில் கடுகி என்றோர் எறும்பு. நாற்பது முட்டைகளைக் காப்பது அதன் பொறுப்பு. ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், "தண்ணி வருதாம்" என்று வரிசையில் ஒரு பேச்சு ஓடியது.

"எந்தப் பக்கம்?" என்றது கடுகி.

"தெரியாது. வருதாம்."

"யாரு பார்த்தது?"

"முன்னால போனவங்க சொன்னாங்க."

அவர்களைக் கேட்டால், அவர்களுக்கும் முன்னால் போனவர்கள் சொன்னார்களாம். கிழக்கே என்றது ஒன்று. மேற்கே என்றது இன்னொன்று. எல்லாம் புரளி என்று தவிட்டை உருட்டிக்கொண்டு போனது வேறொன்று. நல்ல கூட்டம் போங்கள்!

புற்றுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். தப்பான வாசலுக்குத் தூக்கிப்போனால் நாற்பது முட்டையும் தண்ணீரோடு போய்விடும்.

வருவது வரட்டும் என்று கடுகி வரிசைக்குக் குறுக்கே போய் நின்றது.

"வழியை விடுக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். உன் மூஞ்சியைக் காட்டு."

தன் மீசையால் அதன் முகத்தைத் தடவியது. காய்ந்த தூசி. அடுத்ததும் தூசி. ஐந்தாவதன் முகத்தில் நனைந்த மண்வாசனை அடித்தது.

"எங்கேயிருந்து வர்றே? தண்ணியைப் பார்த்தியா?"

"கிழக்கேயிருந்து வர்றேன். நான் ஒண்ணும் பார்க்கலைக்கா. புல்லுக்குள்ளே நடந்து வந்தேன்."

இன்னும் பத்துப்பேரை நிறுத்தியது. கிழக்கிலிருந்து வந்தவர்கள் முகமெல்லாம் ஈரம். மேற்கிலிருந்து வந்தவர்கள் முகமெல்லாம் தூசி. ஆளுக்குக் கொஞ்சம் சேதி இருந்திருக்கிறது, சுமந்து வந்தவர்களுக்கே அது தெரியவில்லை.

முட்டைகள் மேற்கு வாசல் வழியாகப் புளியமர வேருக்கு ஏறின. கடுகியை வைதவர்களும் ஆளுக்கொன்று தூக்கினார்கள். நாற்பதாவது முட்டை ஏறும்போது கிழக்கு வாசலில் தண்ணீர் புகுந்தது.

கடுகிக்கு நன்றி சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. முதன்முதலில் சேதி கொண்டுவந்தது யார் என்று தேடி அலைந்தது. "நானில்லை" என்றது ஒன்று. "எனக்கு யாரோ சொன்னாங்க" என்றது மற்றொன்று. அந்த முதல் எறும்பு வெள்ளத்தோடு போனதோ, இதே வரிசையில்தான் நடந்துகொண்டிருக்கிறதோ, ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்படின்னா ஒருத்தரையும் விடமாட்டேன். எல்லாருக்கும் நன்றி சொல்லிடறேன்" என்றது கடுகி.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமானாலும் எறும்பு எதிரே வரும் எறும்பை நிறுத்தி, முகத்தைத் தொட்டு, அது கொண்டுவந்த சேதியை வாங்கிக்கொள்கிறது. ஒருவேளை அந்த முதல் எறும்பு இதுதானோ என்று, ஒரு நன்றியும் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறது.