இரு சாமிக்கும் ஒரே குறி

நெடுமணற்குடி ஆற்றங்கரையில் ஊர்த்துணி வெளுத்து வாழ்ந்தவர் கூத்தப்பர். சிவலிங்கத்துக்குச் சாத்தும் வெள்ளைப் பரிவட்டங்களையும் எல்லைப் பிடாரியின் சிவப்புச் சேலையையும் மட்டும் ஊர்த்துணியோடு சேர்க்காமல், குளித்த ஈரத்தோடு தனியே வெளுப்பார். கல்லில் அடிக்க மாட்டார், சாமிக்கு வலிக்குமாம். கோயில் வாசலைத் தாண்டி அவரை விட்டதில்லை. "நம்ம வெளுத்த துணி உள்ள போவுதே, அது போதும்" என்பார். நமக்குத்தான் வயிறு எரிகிறது.

அவ்வூருக்கு வாமதேவத் தேசிகர் என்பவர் தம் அடியார் கூட்டத்தோடு வந்து தங்கினார்; சிவன் கோயில் காரியமெல்லாம் அவர் சொல்படி நடந்தது. அடியாருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று தெருத்தெருவாகப் பாடினார்கள். கூத்தப்பர் கேட்டுக் கண்ணீர் விட்டார். பாடுவதற்குக் காசா பணமா?

ஒருநாள் வெளுத்து வந்த பரிவட்டத்தைப் புரட்டிப் பார்த்த தேசிகர் கொதித்தார். ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் வைத்த மூன்று புள்ளிகள். எந்த வீட்டுத் துணி என்று தெரிய வெளுப்பவர் இடும் குறி அது. பிடாரியின் சேலையிலும் அதே மூன்று புள்ளிகள் இருப்பதை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"கிடா வெட்டுற பிடாரிக்கும் பரமசிவனுக்கும் ஒரே குறியாடா?"

"ஒரு வீட்டுத் துணிக்கு ஒரு குறிதானுங்க சாமி வைப்போம்."

"அவ தெய்வமே இல்லைன்னு சத்தியம் பண்ணு. இல்லேன்னா இனிமே கோயில் துணியத் தொடாதே."

"ஆத்தாள இல்லேன்னுட்டு, அப்பன் துணிய எந்தக் கையால சாமி தொடுவேன்?"

தாழ்வில்லை என்று பாடிய வாய்கள் அத்தனையும் சிரித்தன. அவரைப் பிடித்துத் தள்ளித் துரத்தினார்கள். அந்த வாய்களை நினைத்தால் இன்றும் ஆத்திரம் தாங்கவில்லை.

கூத்தப்பர் மூன்று நாள் உண்ணவில்லை. மூன்றாம் நாள் பிடாரி சேலையை மட்டும் வெளுத்துக் கொடுத்து, பூசாரி அதை அவளுக்குக் கட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை குருக்கள் கருவறையைத் திறந்தார். தாம் சாத்தியிருந்த வெள்ளைப் பரிவட்டத்தைக் காணவில்லை. சிவலிங்கத் திருமேனியில் மஞ்சள் மணக்கும் சிவப்புச் சேலை! அதற்குள் எல்லையிலிருந்து பூசாரி ஓடி வந்தார். "ஆத்தா பரிவட்டம் கட்டிக்கிட்டு நிக்கிறா!"

தேசிகர் சேலையின் ஓரத்தைப் புரட்டினார். மூன்று புள்ளிகள்.

ஆற்றுக்கு ஓடிக் காலில் விழுந்தார். கூத்தப்பர் பதறி விலகினார். "என் கால்ல எதுக்கு சாமி? எல்லைக்குப் போயி ஆத்தா கால்ல விழுங்க."

தேசிகர் போய் விழுந்தார். பிறகு இரண்டு துணிகளையும் ஒரே மூட்டையாகத் தம் தலையில் சுமந்து வந்து கூத்தப்பரிடம் கொடுத்தார். அன்றுதான் அவரைக் கோயிலுக்குள் அழைத்தார்கள். அதற்கும் ஆண்டவனே துணி மாற்றிக் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது!

அத்தனை பேர் பாடிய ஊரில் சிவன் வீட்டாரை அடையாளம் தெரிந்தவர் துணி வெளுத்த கூத்தப்பர் ஒருவரே. அவர் திருவடி வாழ்க.