குச்சிப்பூச்சி ஆடி ஆடி நடக்கும் கதை

அந்தக் காலத்தில், பூச்சிகள் மனிதர்களோடு சரிக்குச் சரி வாயடித்துக்கொண்டிருந்தபோது, மழை ஓயாத மலைக்காடு ஒன்றில் வெள்ளச்சி என்றொருத்தி இருந்தாள். விறகு பொறுக்கப் போவாள். பூச்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இலை மடிப்பில் பதுங்கிய வண்டோ, பட்டையோடு பட்டையாக ஒட்டிய அந்துப்பூச்சியோ, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதில் அவளுக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

குச்சிப்பூச்சிதான் அவளுடைய உயிர்த்தோழி. அப்போதெல்லாம் அது ஆடாமல் அசையாமல் விறைப்பாக நடக்கும். வீம்பிலும் அப்படித்தான்.

"நான் ஒளிஞ்சுக்கறேன், கண்டுபிடி பாப்போம்! நீ பேரு சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் அசையவே மாட்டேன்" என்றது ஒருநாள்.

"அசைஞ்சுட்டா?"

"தோத்துட்டேன்னு காடு முழுக்கச் சொல்லிக்கோ."

வெள்ளச்சி கிளை கிளையாகத் தேடினாள். புதர் புதராகக் குனிந்து பார்த்தாள். ஊஹூம்! பொழுது சாய்ந்து மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு எரிச்சலான எரிச்சல். கைக்குக் கிடைத்த சுள்ளிகளை அவசர அவசரமாக அள்ளிக் கட்டிக்கொண்டு குடிசைக்கு ஓடினாள். எதையும் உற்றுப் பார்க்காமல் அவள் தொட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

அடுப்பு மூட்டிச் சுள்ளிகளைத் தள்ளினாள். தீக்குள் பாதி போன ஒரு சுள்ளி இப்படியும் அப்படியும் ஆடியது. காற்றே இல்லையே! குனிந்து பார்த்தால், நுனியில் இரண்டு குட்டிக் கண்கள்.

"ஐயையோ, நீயா!"

வெடுக்கென்று இழுத்தாள். உயிர் தப்பியது, ஒரு கால் மட்டும் தீயோடு போயிற்று. வெள்ளச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் தோழியைத் தானே எரித்திருப்பாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? உசுரவிட வீம்பு பெருசா உனக்கு?"

"நீதான் பேரே சொல்லலையே!" என்றது குச்சிப்பூச்சி, வலியோடு. "கால் போனா முளைச்சுக்கும். தோத்துப்போன பேரு போகுமா?"

அழுதுகொண்டே வெள்ளச்சி சிரித்துவிட்டாள்.

"போதும் தாயே! இனிமே பாக்காம ஒரு சுள்ளிகூடக் கட்ட மாட்டேன். தட்டித்தான் எடுப்பேன். நீயும் கொஞ்சம் ஆடிக் காட்டு."

"ஆடுறேன். ஆனா அசைஞ்சதா ஆகாது, சொல்லிட்டேன்."

அன்று முதல்தான் குச்சிப்பூச்சி அடிக்கு அடி ஆடி ஆடி நடக்கிறது. அந்த மலையில் விறகெடுக்கும் பெண்கள் ஒவ்வொரு சுள்ளியையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கட்டோடு சேர்க்கிறார்கள்.