ஓரத்து நம்பர்

தூத்துக்குடியில் ஒரு புகைப்படச் சங்கம். அங்கே ஆளவந்தார் வைத்ததுதான் சட்டம். தான் எடுப்பது கலை, மற்றவர்கள் எடுப்பது வெறும் பொழுதுபோக்கு என்பார். தபால் பிரிக்கும் வேலை பார்க்கிற ரெஜினா ஞாயிறுதோறும் படம் எடுப்பவள். சங்கத்தின் இருட்டறையில் எல்லோருக்கும் ஃபிலிம் கழுவிக் கொடுப்பவளும் அவள்தான்.

ஒருநாள் ஆளவந்தாரின் ஃபிலிம் ரோல் ஒரு படம்கூட இல்லாமல் வெறுமையாக வந்தது. கூட்டத்தின் நடுவே அவர் குதித்தார்.

"கழுவுறேன்னு என் கலையையே அழிச்சிட்டியே! முப்பத்தாறு படமும் இப்பவே வேணும். இல்லேன்னா இருட்டறைச் சாவியை வச்சிட்டுப் போ!"

ரெஜினா சாவியை வைக்கவில்லை. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஓரத்துல என்ன தெரியுது சார்? சத்தமா வாசிங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு... கம்பெனிக்காரன் போட்ட நம்பர். அதுக்கென்ன?"

"அதுவும் வெளிச்சத்தால பதிச்சதுதான். கழுவினாத்தான் கண்ணுக்குத் தெரியும். நான் கெடுத்திருந்தா அதுவும்லா அழிஞ்சிருக்கும்? கம்பெனிக்காரன் எடுத்தது அத்தனையும் வந்திருக்கு சார். நீங்க எடுத்ததுதான் வரல. கேமராவுக்குள்ள ஃபிலிமை இழுத்துச் சுத்துற பல்லுல அது மாட்டவே இல்ல, நீங்க சும்மா பட்டனை அமுக்கிட்டு வந்திருக்கீங்க."

எல்லோரும் ஆளவந்தாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் பொழுதுபோக்குக்காரங்க பாக்குற வேலை," என்று முனகினார்.

"ஆமா சார்," என்றாள் ரெஜினா, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "நாங்க ஃபிலிம் சுத்துதான்னு பாத்துட்டுத்தான் படம் எடுப்போம்."