ராகேலுக்குச் சொன்ன வார்த்தை

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரிய மதினி ஜெபக்கனி. கோயிலுக்குப் புது மணி ஏற்றின வருஷம், அசன விருந்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தாலா சிரிப்பாலா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

பொட்டல்விளையில் வேதமாணிக்கம் என்று ஒருவர். வாயில் பொய் வராது, தலையில் யோசனை வராது. அவர் ஒரு வெள்ளாடு வளர்த்தார். பெயர் ராகேல். அது அடுத்த வீட்டு மல்லிகைக் கொடியைத் தின்றது, ஊர் பொறுத்தது. கல்யாணப் பந்தலின் வாழைக்குருத்தைத் தின்றது, அதையும் பொறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியில் காய்ந்த உபதேசியாரின் வேட்டியைத் தின்றுவிட்டது. அன்றைக்கு அவர் போர்வையைக் கட்டிக்கொண்டு பிரசங்கம் செய்தார். அதற்கு மேல் ஊர் பொறுக்கவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில், ஒரு பண்ணைப் பூங்கா. பட்டணத்துப் பிள்ளைகள் வந்து ஆட்டையும் மாட்டையும் தொட்டுப் பார்க்கிற இடம். அங்கே ராகேலை விட்டுவிட்டு வரும்போது, வேதமாணிக்கம் அதன் நெற்றியைத் தடவி, எல்லாரும் சொல்கிற மாதிரி, "போயிட்டு வாறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. வாறேன் என்று சொல்லியாச்சு. போகாவிட்டால், கஞ்சித்தண்ணி காட்டின மனுஷனே பொய் சொல்லிவிட்டானே என்று அது நினைக்காதா? ஜெபத்தில் கண்ணை மூடினால் ராகேலின் தாடிதான் வந்து நின்றது. கடைசியில் கூட்டாளிகள் இரண்டு பேரோடு பஸ் ஏறினார். ஒருவர் அருமைநாயகம், கண்ணாடி போட்டவர், ஆகையால் அறிவாளி. மற்றவர் தங்கப்பழம், எதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருப்பவர்.

பூங்கா வாசலில் காவலாளி சுடலைமுத்து கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். வேலையில் அவருக்கு அன்றுதான் கடைசி நாள். இவர்கள் கல்யாணம் என்று நினைத்து வாழ்த்தினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, பலகையில் எழுதியிருப்பதை மீறாதீர்கள் என்று மட்டும் சொல்லி உள்ளே விட்டார்.

முதல் பலகை, புல்தரையில் நடக்கக் கூடாது என்றது. ஆட்டுப்பட்டி புல்தரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுற்றிப் போக நல்ல பாதையும் இருந்தது. ஆனால் பலகை பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

அருமைநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நடக்கத்தான் கூடாது. உருளலாம்" என்றார்.

மூன்று பேரும் வேட்டியை இறுக்கிக்கொண்டு உருண்டார்கள். பின்னால் வந்த ஒரு குடும்பம், ஏதோ வேண்டுதல் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு நின்றது.

உருண்டு முடித்து எழுந்தால் எதிரே கடல், கம்பி வேலிக்கு அப்பால் இரைந்துகொண்டு கிடந்தது.

"இதையும் வேலி போட்டு வளர்க்காங்களே" என்று தங்கப்பழம் அதிசயித்தார்.

"தண்ணி காட்டுற வேலை மிச்சம்லா" என்றார் அருமைநாயகம்.

பட்டியில் ராகேல் வேதமாணிக்கத்தை ஏற இறங்கப் பார்த்தது. மெதுவாக வந்து அவர் தோள் துண்டில் பாதியைத் தின்றது. "என்னை மறக்கல" என்று அவர் அழுதேவிட்டார்.

ஆட்டைத் தொடுமுன் கை கழுவ வேண்டும் என்று அங்கேயும் ஒரு பலகை. கழுவினார்கள், தொட்டார்கள். ராகேல் வந்து தங்கப்பழத்தின் மேல் உரசியது. அது நம்மைத் தொட்டால் யார் கழுவுவது என்று அவர் கேட்டார். தொட்டவர்தானே கழுவ வேண்டும்? ஆட்டுக்குக் கை எது, கால் எது என்று நெடுநேரம் விவாதித்து, முன்னங்கால் இரண்டும் கை என்று முடிவுசெய்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. வேதமாணிக்கம் நெற்றியைத் தடவினார். கொடுத்த வாக்கு நிறைவேறின நிம்மதி. "போயிட்டு வாறேன் தாயி" என்றார். வாசலைத் தாண்டினதும் அப்படியே நின்றுவிட்டார்.

"மறுபடியும் சொல்லிட்டேனே."

"போறேன்னு சொல்லியிருக்கலாம்லா?" என்றார் தங்கப்பழம்.

"போறேன்னு யாராவது சொல்லுவாங்களாவே? வாய் கூசாது?"

அருமைநாயகம் வழி சொன்னார். இப்போதுதான் போயாச்சே, உடனே வந்துவிட்டால் வாக்குத் தீர்ந்தது. பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தார்கள், புல்தரையில் உருண்டுதான். ராகேலைப் பார்த்தார்கள். கிளம்பும்போது பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. திரும்பவும் பஸ் நிறுத்தம், திரும்பவும் உருளல். அடுத்த தடவை மிச்சத் துண்டால் வேதமாணிக்கத்தின் வாயைக் கட்டினார்கள். சொல்லாமல் கிளம்பினால் மரியாதை இல்லையே என்று தங்கப்பழம் அவருக்காகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. சுடலைமுத்து மூன்று பேரையும் வெளியே தள்ளி வாசலைப் பூட்டினார். மாலையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, எந்த மனுஷனும் சொல்கிற மாதிரி, "சரி அண்ணாச்சி, நான் போயிட்டு வாறேன்" என்று மிதித்தார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்து பாக்கும்போது நாம இல்லேன்னா, அந்த மனுஷன் வாக்கு என்னாகும்?" என்றார் வேதமாணிக்கம். வாக்குக்காகச் சோறு இறங்காமல் கிடந்தவர் அல்லவா.

தங்கப்பழத்துக்குச் சந்தேகம்: வீட்டிலும் போயிட்டு வாறேன் என்றுதானே சொல்லிவிட்டு வந்தோம்?

"என்னைக்குன்னு சொல்லலையே" என்றார் அருமைநாயகம். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

காலையில் புதுக் காவலாளி வந்தார். யார் நீங்கள் என்றார். சுடலைமுத்து அண்ணாச்சி வருகிற வரைக்கும் இருக்கிறோம் என்றார்கள். ஓய்வு பெற்றவர் பதிலுக்கு ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் போல என்று அவருக்கு மகா சந்தோஷம். "அப்ப நீங்க இருங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வாறேன்" என்று அவரும் போனார்.

இப்போது அவர்கள் இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறார்கள்.

நீங்களும் கிளம்ப எழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒரே ஒரு விண்ணப்பம். வாசலில் நின்று ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போங்கள்.