தேடுசாலையின் ஆண்டுச் சந்தா

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த நாட்டுக் காற்றே அப்படி. அரசர் இளவழுதி தம் நிழல் பின்னால் வந்தால்கூட நின்று, "யாரது?" என்று திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு ஒருநாள் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நாட்டிலுள்ள ஏடுகளையெல்லாம் ஒரே கட்டடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். நிலச் சாசனம், வைத்தியக் குறிப்பு, சந்தை விலை என்று எதுவானாலும் சாளரத்தில் வந்து கேட்டால் போதும். உள்ளே இருக்கும் ஊழியர்கள் தேடி எடுத்துச் சொல்வார்கள். அதற்குத் தேடுசாலை என்று பெயர்.

கட்டணத்தில்தான் வம்பு வந்தது. முதலில் கேள்விக்கு ஒரு காசு என்றார்கள். "என் பாட்டன் நிலம் எங்கே இருக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். "பூமியில்" என்று பதில் வந்தது. "பூமியில் எங்கே?" "ஆற்றுக்குத் தெற்கே." மடியிலிருந்த காசெல்லாம் போன பிறகுதான் ஊரின் பெயரே வெளியே வந்தது.

சரியென்று ஆண்டுச் சந்தாவாக மாற்றினார்கள். பணம் உள்ளே வந்ததும் ஊழியர்கள் குறட்டை விட்டார்கள். மக்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? ஒருவன் சந்தா கட்டினான், அவன் பெயரைச் சொல்லித் தெருவே வந்து கேட்டது. அரண்மனை கொள்ளையடிக்கிறது என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். மக்கள் ஏய்க்கிறார்கள் என்று அரண்மனை சந்தேகப்பட்டது.

தண்டல் அதிகாரி மார்க்கசகாயருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. அரசவை விதூஷகன் குப்பாண்டியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அரசர் காதில் ஓதினார்.

"பிரபு, நியாயமான சந்தா எதுவென்று குப்பாண்டி சொல்லட்டும். குறைத்துச் சொன்னால் மக்களிடம் கை நீட்டியிருக்கிறான். கூட்டிச் சொன்னால் ஊழியரிடம் பங்கு பேசியிருக்கிறான்."

அரசர் உடனே குப்பாண்டியை அழைத்தார். "நாளைச் சபையில் சந்தா முடிவாக வேண்டும். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரக் கூடாது. வந்தால் நீ இந்த நாட்டில் இருக்க முடியாது" என்றார்.

எந்தத் தொகையைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று குப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டியிடம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டுத்தான் மறுநாள் சபைக்கு வந்தான்.

"மகாராஜா, சந்தா முடிவாக வேண்டும் என்றுதானே உத்தரவு? என் வாயால் முடிவாக வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லையே. தொகையை மார்க்கசகாயரே வைக்கட்டும். வைத்து முடித்ததும் நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆயுசுக்கும் அவர் சாளரத்துக்கு வெளியே நின்று சந்தா கட்டுபவரா, உள்ளே உட்கார்ந்து அந்தச் சந்தாவிலேயே பிழைப்பவரா என்பதை நான் சொல்வேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

மார்க்கசகாயர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆண்டுக்கு நூறு பொன்" என்றார். குப்பாண்டி வாசல் பக்கம் பார்த்தான். 'வெளியே நிறுத்திவிடுவானோ!' அவர் பதறிப்போனார். "இல்லை, ஒரே பொன்!" குப்பாண்டி சிரித்தான். 'ஐயோ, உள்ளே வைத்துப் பட்டினி போடுவானோ!'

"பத்துப் பொன்! ஆனால் தேடிக் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அரைகுறைப் பதில் பதிலாகாது. ஒருவர் சந்தாவில் தெருவே கேட்கவும் கூடாது. எப்போதோ வருகிறவன் கேட்டதற்கு மட்டும் கட்டட்டும்..."

பொழுது சாயும்வரை கூட்டினார், குறைத்தார், நிபந்தனை சேர்த்தார். கடைசியில் எட்டுப் பொன்னில் வந்து நின்றார். "இனி எந்தப் பக்கம் என்றாலும் பிழைத்துக்கொள்வேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குப்பாண்டி அரசரை வணங்கினான். "மகாராஜா, இந்தச் சந்தாவில் சந்தேகப்பட இனி யாருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் இவர் ஒருவரே பட்டுத் தீர்த்துவிட்டார்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதிருக்கட்டும், இவர் எந்தப் பக்கம்?"

"ஓராண்டு உள்ளே, ஓராண்டு வெளியே. ஆயுசுக்கும்!"

அரசர் கொடுத்த பொன்முடிப்பிலிருந்து ஒரு காசை எடுத்து, கடித்துப் பார்த்த பிறகுதான் குப்பாண்டி கும்பிட்டான். அதற்கும் அரசர் சிரித்தார். வீட்டில் மூட்டை அவிழ்ந்தது. மார்க்கசகாயர் இருந்தவரை அந்தச் சந்தா ஒரு காசு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.