ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று குடும்பம்

மருதங்காட்டுப் பஞ்சாயத்துக்கு ஒரு கரடி தலைவியாக இருந்தது. அதன் பெயர் பொம்மி. காட்டில் எல்லா விலங்குகளும் அதைப் பொம்மக்கா என்றே கூப்பிடும்.

பொம்மக்காவுக்குப் பெரிய மனசு. யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. பஞ்சாயத்தின் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்ட முள்ளம்பன்றி ஈட்டியப்பனுக்கு இதுதான் தீராத தலைவலி.

பண்டகசாலை என்றால் வேறொன்றும் இல்லை. குளத்துக்குப் பக்கத்தில் நின்ற பழைய மருதமரத்தின் பொந்துதான். காட்டில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனக்குக் கிடைத்த பழம், கிழங்கு, கொட்டை எல்லாவற்றிலும் ஒரு பங்கை அங்கே கொண்டுவந்து போடும். அந்தப் பங்கில்தான் மூன்று பேருக்குச் சாப்பாடு.

ஒன்று, ஆமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சின்ன விலங்குகளை முதுகில் ஏற்றி ஆற்றைக் கடத்திவிடும். அதுதான் ஊருக்கு ஓடம். இன்னொன்று, மந்தி. உச்சிக்கிளையில் உட்கார்ந்து எங்கேயாவது புகை தெரிகிறதா, புலி வருகிறதா என்று பார்த்துக் கத்தும். மூன்றாவது, காட்டுப்பன்றி. குளத்துக் கரையில் ஓட்டை விழாமல் மண்ணை மூக்கால் தள்ளி மெத்தி அடைத்து வைக்கும். மூன்றுக்கும் நாள் முழுக்க வேலை. இரை தேடப் போக நேரம் இருக்காது. அதனால் ஊர் அவர்களுக்குச் சோறு போட்டது.

ஒரு வருஷம், மரங்கள் பூக்கிற நேரத்தில் பேய்க்காற்று அடித்தது. பூவெல்லாம் கொட்டிப் போனது. பூ இல்லாத மரத்தில் காய் ஏது? பண்டகசாலை பாதிகூட நிரம்பவில்லை.

ஈட்டியப்பன் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு பொம்மக்காவிடம் ஓடியது.

"அக்கா! இருக்கிறதை வச்சு மூணு பேருக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு போட முடியாது."

"அய்யோ! மயிலம்மாவுக்கு முட்டை வைக்க ஒரு ஓலைப் பந்தல் போட்டுத் தர்றேன்னு நேத்துதானே சொன்னேன்!"

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"அது பாவமா நின்னு கேட்டுச்சுப்பா!"

"அணிலுக்கு?"

"அணிலுக்கு ஒரு கொடிப்பாலம்..."

ஈட்டியப்பனின் முள்ளெல்லாம் விறைத்து நின்றது. பொம்மக்கா இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. எதைக் குறைப்பது என்று பேச்சு வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது கீரி சுருளி எழுந்தது. சுருளி நன்றாகப் பேசும். அது பேசினால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை குடும்பம் இருக்கு? முயல் குடும்பம், முள்ளெலி குடும்பம், எறும்புத்தின்னி குடும்பம். மூணே மூணு! அதுக்காக ஒரு ஆமைக்கு வருஷம் பூரா சாப்பாடா? நாம யாராவது அந்தப் பக்கம் போறோமா?"

"இல்லையே!" என்றது அணில்.

"அப்ப ஓடத்தை நிறுத்திடலாம்!"

பொம்மக்கா மெதுவாகக் கேட்டது: "அவங்க குட்டிகளுக்குக் காய்ச்சல் வந்தா மருந்துக்கு இங்கதானே வரணும்? உடும்பு வைத்தியர் இந்தப் பக்கம்தானே இருக்கார்?"

"அவங்களை யாரு அங்க போய்க் குடியிருக்கச் சொன்னது?" என்றது சுருளி.

இல்லை என்று சொல்ல பொம்மக்காவுக்குத் தெரியாதல்லவா? சுருளியிடமும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டது.

ஆமையிடம் செய்தியைச் சொன்னார்கள். அது கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே நீட்டி, "சரிக்கா. நான் பாசி தேடிக் கீழாத்துப் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது.

அடுத்த பங்கு கொண்டுவர வேண்டிய நாளில் அக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. முயல் சிலம்பாயி கரையில் நின்று கத்தியது.

"பொம்மக்கா! எங்க பங்கு கிழங்கு இங்க குவிஞ்சு கெடக்கு! எப்படிக் கொண்டு வர்றது?"

அதை யாரும் யோசிக்கவே இல்லை! மூன்று குடும்பம் என்றாலும், அக்கரை மண்ணில் கிழங்கு நன்றாக விளையும். பொந்தில் அடியில் கிடந்த நல்ல கிழங்கெல்லாம் அவர்கள் கொடுத்ததுதான்.

"பரவாயில்லை சிலம்பாயி! ஓடம் இல்லேன்னா பங்கும் வேண்டாம்!" என்று பொம்மக்கா பதில் கத்தியது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அணில் யோசித்தது. பிறகு பொம்மக்காவிடம் வந்தது.

"அக்கா, ஓடத்தில் போகாதவங்க பங்கு தரவேண்டாம்னா, எனக்கும் ஒரு நியாயம் இருக்கே! நான் இலையில் நிக்கிற பனித்தண்ணியைக் குடிக்கிறவன். குளம் எனக்கு எதுக்கு? பன்றிக்கு நான் ஏன் கொட்டை தரணும்?"

பொம்மக்கா அதற்கும் தலையை ஆட்டிவிட்டது.

அணில் போனதும் சுருளி வந்தது. "எனக்கு ஆழமான வளை இருக்குக்கா. தீ வந்தா உள்ளே போயிடுவேன். புலி வந்தாலும் உள்ளே போயிடுவேன். மந்திக்கு நான் எதுக்குப் பங்கு தரணும்?"

"எனக்கு ரெக்கை இருக்கு!" என்றது மயில்.

இப்படி ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் மாசம் முடிகிற நேரம் ஈட்டியப்பன் பொந்துக்குள் எட்டிப் பார்த்தபோது, ஆமைக்குச் சாப்பாடு போட்ட காலத்தில் இருந்ததைவிடக் கம்மியாக இருந்தது!

மந்தி பசி தாங்காமல் கீழே இறங்கித் தளிர் பறிக்கப் போனது. பன்றி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஆற்றை நீந்தி அக்கரைக்குப் போய்விட்டது. அங்கே சிலம்பாயி கிழங்கு இருக்கும் இடத்தைக் காட்டி, "சாப்பிடுங்கண்ணே, வீணாத்தானே கெடக்கு" என்றது.

இனி காட்டை யார் பார்ப்பது? பொம்மக்கா தானே பார்க்க முடிவு செய்தது.

காலையில் ஆற்றங்கரையில் நின்றது. சிலம்பாயியின் கடைசிக் குட்டிக்கு உடம்பு அனலாய்ச் சுடுகிறது என்று அக்கரையிலிருந்து அழுகை கேட்டதும், தொப்பென்று ஆற்றில் குதித்து நீந்திப் போனது. குட்டியைத் தலையில் உட்காரவைத்து இக்கரைக்குக் கொண்டுவந்து வைத்தியரிடம் காட்டியது. மருந்து வாங்கி மறுபடியும் அக்கரையில் கொண்டுபோய் விட்டது. பிறகு புகை தெரிகிறதா என்று பார்க்க மரத்தில் ஏறியது. உச்சிக்கிளை பொம்மக்காவைத் தாங்குமா? மடார் என்று முறிந்தது! இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளத்துக் கரைக்கு வந்து, மண்ணை அள்ளி ஓட்டையில் வைத்தது. வைத்த மண் பொத்தென்று தண்ணீருக்குள் விழுந்தது.

ஈட்டியப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தத் தடவை அதன் முள் விறைக்கவில்லை.

"அக்கா, ஒத்தை ஆளா ஒரு ஊரைச் சுமக்க முடியுமா?"

"அவங்களை வற்புறுத்த எனக்கு மனசு வரலைப்பா" என்றது பொம்மக்கா. அதன் கண்ணில் தண்ணீர் நின்றது.

சில நாளில் மழை வந்தது. சாதாரண மழை இல்லை. காலையில் தொடங்கியது மதியம் வரை விடவில்லை. குளம் ததும்பியது. கரையில் முதலில் ஒரு விரல் அளவு ஓட்டை விழுந்தது. பிறகு அது ஒரு பொந்து ஆனது. தண்ணீர் சீறிக்கொண்டு கீழே பாய்ந்தது.

கரைக்குக் கீழேதான் சுருளியின் வளை இருந்தது. தீயும் புலியும் நுழைய முடியாத ஆழமான வளை! அதற்குள் கண் திறக்காத நாலு குட்டிகள் இருந்தன.

"ஐயோ! என் பிள்ளைங்க! யாராவது வாங்களேன்!"

பொம்மக்கா ஓடி வந்தது. மண் அள்ளிப் போட நேரம் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தது. அப்படியே திரும்பி, தன் பெரிய முதுகை உடைப்பில் வைத்து அழுத்தி உட்கார்ந்துவிட்டது! தண்ணீர் நின்றது.

"சுருளி! ஓடு! குட்டிகளை எடு!"

சுருளி வளைக்குள் பாய்ந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வந்து மேட்டில் போட்டது. அணில் மரத்திலிருந்து தாவி இறங்கி, குட்டிகளைத் தன் வாலால் துடைத்துவிட்டது. மயில் கரையில் ஏறி நின்று, தொண்டை கிழிய அகவியது. "கரை உடையுது! கரை உடையுது!"

அந்தக் குரல் ஆற்றைத் தாண்டிப் போனது.

பொம்மக்காவுக்கு முதுகு மரத்துப்போனது. இரண்டு பக்கமும் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும் ஈட்டியப்பா. எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லு" என்றது.

அப்போது ஆற்றுப் பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டது. முதலில் பன்றியின் மூக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால், கீழாற்றிலிருந்து திரும்பி வந்த ஆமை! அதன் முதுகில் சிலம்பாயி, எறும்புத்தின்னி, முள்ளெலி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"சிலம்பாயி! நீயா?" என்று பொம்மக்கா எழப்போனது.

"எழுந்திரிக்காதீங்க அக்கா! எழுந்திரிக்காதீங்க!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

எறும்புத்தின்னி தன் நகத்தால் களிமண்ணைத் தோண்டித் தள்ளியது. முயலும் முள்ளெலியும் அதைப் புல்லோடு சேர்த்து உருட்டின. பன்றி மூக்கால் முட்டி முட்டி, பொம்மக்காவைச் சுற்றி மண்ணை மெத்தியது. பிறகு, "இப்ப மெதுவா நகருங்கக்கா" என்றது. பொம்மக்கா நகர நகர, பன்றி அந்த இடத்தில் மண்ணைத் திணித்தது. கரை நின்றது!

சேற்றோடு சேறாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுருளி தயங்கித் தயங்கி முயலின் முன்னால் வந்தது. எப்போதும் நன்றாகப் பேசும் சுருளிக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை.

"உங்க ஓடத்தை நிறுத்தச் சொன்னதே நான்தான்" என்றது கடைசியில். "இந்தக் குளத்துத் தண்ணியை நீங்க குடிக்கிறதும் இல்லை. அங்க ஊத்து இருக்கு. அப்புறம் ஏன் வந்தீங்க?"

சிலம்பாயி காதில் இருந்த சேற்றை உதறியது. "மயிலம்மா கத்தினது எங்களுக்கும் கேட்டுச்சே! கேட்ட பிறகு எப்படிச் சும்மா இருக்கிறது?"

மழை விட்டதும் பஞ்சாயத்து அங்கேயே கூடியது. பொம்மக்கா எழுந்து நின்றது.

"எல்லாருக்கும் பிடிச்ச மாதிரியே பேசிப் பேசித்தான் ஊரை இந்த நிலைக்குக் கொண்டு வந்தேன். இனி உள்ளதைச் சொல்றேன். இந்த வருஷம் பொந்துல பாதிகூட இல்லை. மயிலம்மா, உனக்குப் பந்தல் கிடையாது. அணிலு, உனக்குப் பாலம் கிடையாது."

மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் பொம்மக்கா நிறுத்தவில்லை.

"ஆமையண்ணன் காலையில மட்டும் ஓடம் விடட்டும். யாருக்காவது உடம்புக்கு முடியலேன்னா எந்நேரமும் வரணும். பன்றியண்ணன் வேலையில கை வைக்க முடியாது. மந்திக்கு அரை வயிறுதான் போட முடியும். அதனால அரை நாள் காவல் பார்த்தா போதும். மீதி அரை நாளுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை. பங்கு மட்டும் எல்லாரும் போடணும். ஓடத்தில் ஏறாதவங்களும் போடணும். குளத்துல குடிக்காதவங்களும் போடணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மயில் திரும்பாமலே சொன்னது: "சாயங்காலம் நான் எப்படியும் உச்சிக்கிளையிலதானே உக்காருவேன். நானே பார்த்துக் கத்துறேன்."

"கத்துறதுக்கு உன்னை விட்டா ஆள் ஏது!" என்றது அணில். மயிலே சிரித்துவிட்டது.

அந்த வருஷம் யாருக்கும் வயிறு முழுசாக நிரம்பவில்லை. பந்தல் இல்லாமல் மயில் புதருக்கடியில் முட்டை வைத்தது. ஆனால் குளத்தில் தண்ணீர் நின்றது. உச்சிக்கிளையில் எப்போதும் ஒரு ஜோடிக் கண் இருந்தது. யார் பசியோடு வேலை பார்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் சுருளி தன் நாலு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தது. பிறந்ததிலிருந்து அது அக்கரைக்குப் போனதே இல்லை. குட்டிகளோடு ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. பேசத் தொடங்கி நாலு வார்த்தை முடிவதற்குள் ஆமை கரையைத் தொட்டுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று சுருளி ஆச்சரியப்பட்டது. "இவ்வளவு பக்கமா?"

சிலம்பாயி வாசலில் நின்று, "வாங்க, வாங்க! குட்டிங்களா, கிழங்கு சாப்பிடுறீங்களா?" என்று கூப்பிட்டது.

தனக்கு உதவும் வேலைக்கு மட்டுமே பங்கு தருவேன் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கினால், ஊருக்கென்று எதுவும் மிஞ்சாது, ஒதுங்கியவருக்கும் மிஞ்சாது.